எலுமிச்சைச் சில்லிட்டும் கிரீனிங் நோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, நாரத்தை, பம்பளிமாஸ் என்று அந்தக் குடும்பத்தையே வாட்டுகிற நோய் கிரீனிங். அதைப் பரப்பும் பூச்சியைப் பற்றி நாலு வார்த்தை பேசினால் போதும், இதே கேள்விகள் வந்துவிடும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்வதில்லை.

1. சில்லிட்னா என்ன பூச்சி? பார்த்தா எனக்கே தெரியுமா?

தெரியும், ஆனால் தேடத் தெரிய வேண்டும். வளர்ந்த பூச்சி 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம். பழுப்புப் புள்ளிகள் தெறித்த சிறகு. அசுவினிக்கு உறவு, ஆனால் அசுவினி மாதிரி மந்தமாக உட்கார்ந்திருக்காது. தொட்டால் துள்ளிப் பறந்துவிடும். அடையாளம் அது உட்காரும் விதம்தான். தலையை இலையோடு ஒட்டி வைத்து, பின்பக்கத்தை 45 பாகை தூக்கிக்கொண்டு நிற்கும். இலையில் யாரோ சின்ன முள்ளைச் சாய்வாகக் குத்தி வைத்ததுபோல் இருக்கும். இதன் அறிவியல் பெயர் டயஃபோரினா சிட்ரி. 1908இல் தைவானிலிருந்து குவாயாமா விவரித்தார்.

இளம்பூச்சிகளைப் பார்க்கக் கொழுந்தை விரித்துப் பார்க்க வேண்டும். இன்னும் மடிப்புப் பிரியாத இலைக்குள் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் தட்டையாக அப்பிக்கொண்டிருக்கும். அவற்றின் பின்பக்கத்திலிருந்து வெள்ளையாகச் சுருள் சுருளாக மெழுகு நூல் நீண்டிருக்கும். கழிவாக வரும் இனிப்புத் திரவம் தன் மேலேயே ஒட்டாமல் வெளியே போவதற்கான ஏற்பாடு அது. அந்த வெள்ளை நூலைக் கண்டால் வேறு சாட்சி பெரும்பாலும் தேவைப்படாது.

2. பூச்சி சாறு உறிஞ்சறதாலதானே மரம் சாகுது?

இல்லை. உறிஞ்சுவதால் கொழுந்து சுருளும், இனிப்புத் திரவத்தின் மேல் கரும்பூசணம் படரும். அதெல்லாம் மரம் தாங்கிக்கொள்ளும். மரத்தைக் கொல்வது பூச்சி சுமந்து வரும் பாக்டீரியா: கேன்டிடேட்டஸ் லிபெரிபாக்டர் ஆசியாட்டிகஸ். (லிபெரிபாக்டர் என்றே இனிச் சொல்கிறேன்.) இலையில் தயாராகும் சர்க்கரையை வேருக்கும் பழத்துக்கும் கொண்டுபோகும் குழாய்த் திசு ஒன்று உண்டு, புளோயம் என்று பெயர். பாக்டீரியா அதற்குள் குடியேறுகிறது.

அப்புறம் நடப்பது கொஞ்சம் விசித்திரம். மரம் எதிர்ப்புக் காட்டுகிறது, அந்த எதிர்ப்பே அதற்கு வினையாகிறது. குழாய்கள் கேலோஸ் என்ற பொருளால் அடைபடுகின்றன. சர்க்கரை போக வழியில்லாமல் இலையிலேயே மாவுச்சத்தாகக் குவிகிறது. வேர் பட்டினி கிடக்கிறது. பாக்டீரியா நேரடியாகச் செய்யும் கேட்டைவிட, மரத்தின் தற்காப்பு அளவு மீறிப்போவதுதான் பெரிய சேதம் என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு வாதிட்டது. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

3. கிரீனிங்னா பச்சையாகறதுதானே? இலை ஏன் மஞ்சளாகுது?

பெயர் பழத்தைப் பார்த்து வைத்தது. நோயுற்ற மரத்தின் பழம் சரியாகப் பழுக்காமல், காம்புக்கு எதிர்ப்பக்கம் பச்சையாகவே நின்றுவிடும். சீனத்தில் ஹுவாங்லோங்பிங் என்பார்கள். எழுத்துப்படி பார்த்தால் மஞ்சள் டிராகன் நோய். ஆனால் அந்தப் பெயர் பிறந்த வட்டார வழக்கில் 'லோங்' என்பது தளிரைக் குறிக்கும், ஆக மஞ்சள் தளிர் நோய். டிராகன் கதை கேட்க நன்றாக இருப்பதால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். 1995இல் ஃபுஜோவில் கூடிய சிட்ரஸ் நோய் ஆய்வாளர்கள் இந்தச் சீனப் பெயரையே பொதுப்பெயராக ஏற்றார்கள்.

4. என் மரத்துல இலை மஞ்சளா இருக்கு. இது அதுதானா, இல்ல சத்துக் குறைபாடா?

இலையை நடு நரம்போடு நீளவாக்கில் மடித்துப் பாருங்கள். துத்தநாகம், மாங்கனீசு குறைந்தால் வரும் மஞ்சள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கிரீனிங்கில் ஒரு பக்கத் திட்டு மறுபக்கத்தோடு பொருந்தாது. நரம்பைத் தாண்டி ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும். பழத்தையும் அறுத்துப் பார்க்கலாம். கோணலாக இருக்கும், நடுத்தண்டு வளைந்திருக்கும், விதைகள் சூம்பிப் பழுப்பாகக் கிடக்கும்.

ஒரு சிக்கல்: குழாய் அடைபட்ட மரத்துக்குச் சத்துக் குறைபாடும் கூடவே வரும். அதனால் துத்தநாகக் குறைபாடு தெரிகிறது என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முடிவு சொல்ல, இலையில் பாக்டீரியாவின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனைதான். அதற்கும் ஒரு ஓட்டை உண்டு, 8ஆம் கேள்வியில் வருகிறேன்.

5. பூச்சிதான் பரப்புதுன்னு யார் கண்டுபிடிச்சது?

ஒருவர் அல்ல. 1927இலேயே பஞ்சாபில் ஹுசைனும் நாத்தும் இந்தப் பூச்சியைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அவர்கள் விவரித்த மரச்சேதத்தில் ஒரு பங்கு கிரீனிங்காக இருந்திருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள், ஆனால் அன்று பழி பூச்சியின் மேலேயே விழுந்தது. சீனாவில் லின் குங்சியாங், இது ஒட்டுக் கட்டும்போது மரத்துக்கு மரம் தொற்றும் நோய் என்று 1956இல் எழுதினார். மண்ணும் உரமும் காரணமில்லை என்பது அதோடு தீர்ந்தது.

1965இல் தென்னாப்பிரிக்காவில் மெக்லீனும் ஓபர்ஹோல்சரும் அங்குள்ள ட்ரையோசா எரிட்ரியே என்ற வேறொரு சில்லிட் நோயைக் கடத்துவதைக் காட்டினார்கள். 1967இல் இந்தியாவில் கபூர், ராவ், விஸ்வநாத் மூவரும் டயஃபோரினா சிட்ரியைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அதே ஆண்டு பிலிப்பைன்ஸிலிருந்தும் அதே முடிவு வந்தது. அதுவரை எல்லோரும் வைரஸ் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 1970இல் பிரான்சில் லாஃப்லேஷும் போவேயும் மின்னணு நுண்ணோக்கியில் புளோயத்தைப் பார்த்தபோதுதான் அது வைரஸ் இல்லை என்று தெரிந்தது.

6. ஒரு பூச்சி கடிச்சா போதுமா? எல்லாப் பூச்சியும் நோயைச் சுமக்குதா?

பிறக்கும்போதே எல்லாம் நோயோடு பிறப்பதில்லை. தாயிடமிருந்து முட்டைக்குப் போவது மிகச் சிறு அளவில்தான். பெரும்பாலான பூச்சிகள் நோயுற்ற கொழுந்தில் இளம்பூச்சியாக வளரும்போது பாக்டீரியாவை வாங்கிக்கொள்கின்றன. அது குடல் சுவரைத் தாண்டி, உடல் திரவத்தில் கலந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். அந்த நிலையை எட்டிய பூச்சி சாகும்வரை பரப்பலாம். வளர்ந்த பிறகு முதன்முறையாக நோயுற்ற மரத்தில் உறிஞ்சும் பூச்சியும் பாக்டீரியாவை வாங்கும், ஆனால் அதன் உடலுக்குள் பாக்டீரியா நன்றாகப் பெருகுவதில்லை, பரப்புவதிலும் அந்தப் பூச்சி மட்டம். இங்கே நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: நோய் பரப்பும் பூச்சி உருவாவது கொழுந்தில்.

கடித்தால் போதுமா என்றால், போதாது. இதை அளந்த விதத்தைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. 3 மில்லிமீட்டர் பூச்சியின் முதுகில், முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்கடத்தும் பசையால் ஒட்டுவார்கள். செடித் தொட்டியின் மண்ணில் இன்னொரு மின்முனை. பூச்சி ஊசிவாயைச் செருகியதும் சுற்று மூடிக்கொள்ளும், திரையில் அலை ஓடத் தொடங்கும். வாய் தோலில் இருக்கும்போது ஓர் அலை, புளோயத்தில் உமிழ்நீர் விடும்போது ஓர் அலை, உறிஞ்சும்போது வேறு அலை. பூச்சி முதல் குத்திலேயே புளோயத்தை எட்டுவதில்லை, மணிக்கணக்கில் தேடுகிறது என்பதை அந்த அலைகள்தான் காட்டின. மருந்து தெளித்த செடியில் அது புளோயத்தை எட்டுமுன் சாகிறதா, எட்டிய பிறகு சாகிறதா என்பதையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். எட்டிய பிறகு செத்தால் மருந்தால் என்ன பயன்?

7. எதைக் கேட்டாலும் கொழுந்து கொழுந்துன்னே சொல்றீங்க, ஏன்?

ஏனென்றால் இந்தப் பூச்சிக்கு வாழ்க்கை அங்கேதான். பெண் பூச்சி விரியாத இளந்தளிரில் மட்டும் முட்டையிடும்; வாழ்நாளில் 800 முட்டை வரை போடும். முற்றிய இலையில் ஒன்றுகூட வைக்காது. 25 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து சிறகு முளைக்க ஏறக்குறைய இரண்டு வாரம். கொழுந்து முற்ற ஆகும் காலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. கொழுந்து இல்லாத காலத்தில் வளர்ந்த பூச்சிகள் முற்றிய இலையில் உறிஞ்சியபடி மாதக்கணக்கில் காத்திருக்கும்.

இதில் மோசமான செய்தி 2015இல் வந்தது. பாக்டீரியா மரம் முழுக்கப் பரவிய பிறகுதான் மற்றப் பூச்சிகள் அதை வாங்க முடியும் என்று அதுவரை நினைத்திருந்தோம். அப்படியில்லை. நோய்ப்பூச்சி ஒன்று கொழுந்தில் பாக்டீரியாவை இறக்கினால், 10 முதல் 15 நாளில் அந்தக் கொழுந்து மட்டும் தொற்றும் நிலைக்கு வந்துவிடுகிறது. அதே கொழுந்தில் அந்தப் பூச்சியின் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருக்கும். அவை வாங்கிக்கொண்டு சிறகு முளைத்துப் பறந்துவிடும். மரம் அப்போதும் பச்சைப் பசேல் என்று நிற்கும். அறிகுறி தெரிய மாதங்கள் ஆகலாம், வருடமும் ஆகலாம். அறிகுறி வந்த மரத்தை மட்டும் வெட்டிக்கொண்டு போனால் நோயைப் பின்தொடரலாம், முந்த முடியாது.

8. டெஸ்ட்ல நோய் இல்லைன்னு வந்துடுச்சு. நிம்மதியா இருக்கலாமா?

அந்த இலைகளில் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். பாக்டீரியா மரத்தில் சீராகப் பரவியிருக்காது. ஒரு கிளையில் இருக்கும், பக்கத்துக் கிளையில் இருக்காது. ஆயிரக்கணக்கான இலைகளில் பத்து இலை எடுத்தால் தவறிப்போக நிறைய வாய்ப்பு. அதனால் மரத்தைவிடப் பூச்சியைச் சோதிப்பது நல்ல உத்தி. மரத்துக்கு மரம் போய் மாதிரி எடுக்கும் வேலையைப் பூச்சி நமக்காகச் செய்து வைத்திருக்கிறது. மரங்களில் நோய் தெரிவதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ முன்பே பூச்சிகளில் பாக்டீரியா அகப்பட்டதுண்டு.

நாய்களும் இதில் கெட்டி. பயிற்சி பெற்ற நாய்கள் நோய் மரத்தை மோப்பத்திலேயே 99 சதவீதத்துக்கு மேல் சரியாகக் காட்டியதாக 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தொற்று ஏற்றிய சில வாரங்களிலேயே கண்டுபிடித்தன.

9. பூச்சி இருந்தா நோயும் இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. பிரேசிலில் பூச்சி 1940களிலிருந்தே இருந்தது. நோய் தெரிந்தது 2004இல். ஃபுளோரிடாவில் 1998இல் பூச்சி, 2005இல் நோய். கலிஃபோர்னியாவில் 2008, 2012. இடைவெளி எவ்வளவு என்பது நோயுற்ற செடியோ ஒட்டுக்குச்சியோ எப்போது வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. பூச்சி முன்னாடியே வந்து ரெடியாகக் காத்திருக்கும்.

10. நோய் மரத்தைப் பூச்சிக்குப் பிடிக்குமா, பிடிக்காதா? ரெண்டும் படிச்சேன், குழப்பமா இருக்கு.

இரண்டும் உண்மை, அதுதான் இதன் அழகு. நோயுற்ற மரம் மீத்தைல் சாலிசிலேட் என்ற வாசனையைக் கூடுதலாக விடுகிறது. அந்த வாசனைக்குப் பூச்சி வந்து உட்காருகிறது. உறிஞ்சிப் பார்த்தால் சத்து இல்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து ஆரோக்கியமான மரத்துக்குப் போய்விடுகிறது. வரும்போது வெறும் வாயோடு வந்தது, போகும்போது பாக்டீரியாவோடு போகிறது. 2012இல் ஃபுளோரிடாவில் இதைக் காட்டினார்கள். பாக்டீரியா ஏறிய பூச்சிகள் அதிகம் பறக்கின்றன என்றும் பிறகு தெரிந்தது. பாக்டீரியா 'திட்டம் போட்டு'ச் செய்கிறது என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இப்படி நடந்த பாக்டீரியாக்கள் பிழைத்தன, அவ்வளவுதான்.

11. நல்ல மருந்தா அடிச்சா ஒழிஞ்சிடாதா?

ஃபுளோரிடா அதைத்தான் செய்தது. 2003-04 பருவத்தில் அங்கே ஆரஞ்சு விளைச்சல் ஏறக்குறைய 24.2 கோடிப் பெட்டி. 2022-23இல் 1.6 கோடியைக்கூடத் தொடவில்லை. அந்த வருடச் சூறாவளிக்கும் இதில் பங்குண்டு, ஆனால் சரிவு அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிட்டது. இத்தனைக்கும் மருந்தடிப்பதில் குறை வைக்கவில்லை. இமிடாகுளோபிரிட், தயாமெத்தாக்சாம் போன்ற நியோனிகோட்டினாய்டு மருந்துகளையே திரும்பத் திரும்ப அடித்ததால் பூச்சிக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது.

எப்போது அடிக்கிறோம் என்பது எவ்வளவு அடிக்கிறோம் என்பதைவிட முக்கியம். கொழுந்து விடுவதற்கு முன், வளர்ந்த பூச்சிகள் மட்டும் காத்திருக்கும் காலத்தில் (7ஆம் கேள்வி) அடித்தால் அடுத்த தலைமுறையே தொடங்காது. அதையும் ஊர்கூடிச் செய்ய வேண்டும். இந்தப் பூச்சி 12 நாளில் 2 கிலோமீட்டர் கடந்ததை அளந்திருக்கிறார்கள். நீங்கள் மட்டும் அடித்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்துவிடும், அதுவும் ஓர மரங்களில்தான் முதலில் இறங்கும்.

12. குளவி விட்டா பூச்சி அழிஞ்சிடும்னு சொன்னாங்களே?

டாமரிக்ஸியா ரேடியேட்டா என்ற ஒட்டுண்ணிக் குளவியைச் சொல்கிறீர்கள். எறும்பைவிடச் சிறியது, கொட்டாது. வளர்ந்த இளம்பூச்சியின் அடியில் ஒரு முட்டை வைக்கும். குளவிப் புழு பூச்சியைத் தின்று, தோலை மட்டும் இலையில் ஒட்டி விட்டு, தலைப்பக்கமாக வட்டத் துளை போட்டு வெளியேறும். காய்ந்த பழுப்புத் தோலில் அந்தத் துளை இருந்தால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். டயஃபோரென்சிர்ட்டஸ் அலிகாரென்சிஸ் என்று இன்னொன்று உண்டு. அலிகாரின் பெயர் தாங்கியது. அது வால்பக்கமாகத் துளைக்கும்.

ரீயூனியன் தீவில் 1970களின் கடைசியில் டாமரிக்ஸியாவை விட்டபோது நன்றாகவே பலித்தது. ஃபுளோரிடாவில் 1999 முதல் விட்டும் அந்த அளவு பலன் இல்லை. கலிஃபோர்னியாவுக்குப் பாகிஸ்தான் பஞ்சாபிலிருந்து கொண்டுவந்து 2011 கடைசியில் விட்டார்கள். அங்கே தடை எறும்பு. இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் இளம்பூச்சிகளைக் காவல் காத்து, குளவியை விரட்டிவிடுகின்றன. எறும்பைக் கட்டுப்படுத்தினால் குளவி தானாகவே நன்றாக வேலை செய்கிறது. குளவி பூச்சியைக் குறைக்கும், பூஜ்யமாக்காது. நோய் பரவச் சில பூச்சிகளே போதும் என்பதால் குளவியை மட்டும் நம்ப முடியாது.

13. நடுவுல கொய்யா நட்டா வராதாமே?

வியட்நாமின் மேகாங் டெல்டா விவசாயிகளிடமிருந்து வந்த செய்தி இது. கொய்யா ஊடுபயிர் உள்ள தோட்டங்களில் பூச்சி குறைவாக இருந்ததை அவர்கள் கவனித்தார்கள். காயப்பட்ட கொய்யா இலை விடும் கந்தகச் சேர்மம் ஒன்று பூச்சியை விரட்டுவதாக ஆய்வுக்கூடத்திலும் தெரிந்தது. ஆனால் வேறு நாடுகளில் நட்டுப் பார்த்தபோது அவ்வளவு காப்பு கிடைக்கவில்லை. நடுவதால் தீங்கில்லை, இதை மட்டும் நம்பி மருந்தையும் கண்காணிப்பையும் விட்டுவிடாதீர்கள்.

14. கறிவேப்பிலையை வெட்டிடணுமா?

கறிவேப்பிலையும் அதே குடும்பம். பூச்சி அதில் ஜோராக வளரும். ஆனால் பாக்டீரியா அதில் நிலைப்பதில்லை. ஆக அது பூச்சிப் பண்ணை, நோய்ப் பண்ணை அல்ல. எலுமிச்சைக்குப் பக்கத்தில் இருந்தால் அதன் கொழுந்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், வெட்ட வேண்டியதில்லை. நோய் இல்லாத பூச்சிக் கூட்டம் வேண்டுமென்றால் ஆய்வுக்கூடங்களே கறிவேப்பிலையில்தான் வளர்க்கின்றன. வேலியாக வைக்கும் காமினிச் செடியை மட்டும் கவனியுங்கள். அது ஆண்டு முழுக்கத் தளிர்க்கும், பாக்டீரியாவையும் ஓரளவு தாங்கும்.

15. நூறு வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க, இன்னும் ஒரு மருந்து இல்லையா?

நியாயமான கோபம். முதல் தடை, இந்தப் பாக்டீரியாவைத் தட்டில் தனியாக வளர்க்க முடிவதில்லை. பெயருக்கு முன்னால் 'கேன்டிடேட்டஸ்' ஒட்டியிருப்பதும் அதனால்தான்; முறையாக வளர்த்து விவரிக்கப்படாத பாக்டீரியாவுக்கு அப்படித்தான் பெயர் வைப்பார்கள். தட்டில் வளராததை எந்த மருந்து கொல்லும் என்று வரிசையாகப் பார்ப்பது எப்படி? 2009இல் இதன் முழு மரபணுத் தொகுப்பை வெளியிட்டபோதுகூட, டி.என்.ஏ. எடுத்தது நோயுற்ற ஒரே ஒரு சில்லிட்டின் உடலிலிருந்து.

2022இல் ஃபுளோரிடாவில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை அடிமரத்தில் ஊசியாகச் செலுத்த அனுமதி கிடைத்தது. மரம் கொஞ்சம் தேறுகிறது, குணமாவதில்லை. ஆஸ்திரேலிய விரல் எலுமிச்சை இந்த நோயைத் தாங்குவதால், அதில் இருக்கும் ஒரு புரதத்துண்டை வைத்து ஒரு குழு வேலை செய்கிறது. பி.டி. என்ற மண் பாக்டீரியாவின், பூச்சியைக் கொல்லும் புரதத்தை மரத்தின் புளோயத்திலேயே உண்டாக்கும் முயற்சியும் நடக்கிறது.

16. பூச்சிக்குள்ளயே வேற பாக்டீரியா இருக்காமே, அதைக் கொன்னா பூச்சி சாகாதா?

நல்ல கேள்வி. சில்லிட்டின் வயிற்றில் பாக்டீரியாக்களுக்கென்றே ஒரு தனி உறுப்பு உண்டு. அதில் இரண்டு பாக்டீரியா குடியிருக்கின்றன. கார்சொனெல்லா, பூச்சிக்குச் சாற்றில் கிடைக்காத அமினோ அமிலங்களைச் சமைத்துத் தருகிறது. ப்ராஃப்டெல்லா, டயஃபோரின் என்ற நச்சைத் தயாரித்துப் பகைவரிடமிருந்து காக்கிறது. இவை போனால் பூச்சி தத்தளிக்கும் என்பது சரிதான். ஆனால் வயலில் மரத்துக்கு மரம் ஆன்டிபயாடிக் தெளித்தால் மண்ணிலும் மற்ற இடங்களிலும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் உருவாகும். எனக்கு இதில் ஆர்வம் உண்டு, தெளிப்பானை எடுக்கும் அவசரம் இல்லை.

17. இந்தப் பூச்சி பாட்டுப் பாடும்னு ஒருத்தர் சொன்னார். விளையாட்டா?

உண்மை. ஆண் கிளையைப் பிடித்துக்கொண்டு சிறகை அதிர வைக்கும். அதிர்வு மரத்தின் வழியாகப் போகும், நம் காதுக்குக் கேட்காது. பெண் உடனே பதில் அதிர்வு தரும், ஆண் அதைத் தேடி நடக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சின்ன மைக்கையும் பஸ்ஸரையும் கிளையில் மாட்டி, ஆண் அழைத்ததும் பெண்ணைப் போலவே பதில் தர வைத்தார்கள். ஆண் பூச்சி பஸ்ஸரைத் தேடி வந்தது. தோட்டம் முழுக்க வைக்குமளவு மலிவாகுமா என்பதுதான் கேள்வி.

18. அந்தப் பழத்தைச் சாப்பிடலாமா? விதை போட்டா நோய் வருமா?

சாப்பிடலாம். மனிதருக்கு ஒன்றும் ஆகாது, கசக்கும், அவ்வளவுதான். விதை வழியாக நோய் போவதாகத் தெளிவான ஆதாரம் இல்லை. ஒட்டுக்குச்சி வழியாக நிச்சயம் போகும். இலையோடு பழத்தைக் கொண்டுபோவதும் வேண்டாம், இலையில் பூச்சி ஒளிந்து வரும்.

19. என்கிட்ட நாலே நாலு மரம்தான். நான் என்ன பண்ணறது?

வெள்ளை அட்டை ஒன்று எடுங்கள். கிளைக்கு அடியில் பிடித்து, ஒரு குச்சியால் கிளையை மூன்று தட்டுத் தட்டுங்கள். அட்டையில் விழுவதில் சாய்ந்து நிற்பதும் துள்ளுவதும் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மரத்துக்கு நாலு பக்கமும் இதே மாதிரி. ஆய்வாளர்கள் வயலில் செய்வதும் இதைத்தான். கொழுந்து விடும் சமயத்தில் வாரம் ஒருமுறை போதும். கூடவே நாலைந்து கொழுந்தைப் பிரித்து வெள்ளை நூல் தெரிகிறதா என்றும் பாருங்கள்; தெரிந்தால் அந்தக் கொழுந்தைக் கிள்ளிப் பையில் போட்டு முடிச்சுப் போடுங்கள். எறும்பு ஏறும் வழியையும் அடையுங்கள்.

புதிதாக நடும் கன்றானால் முதல் இரண்டு வருடம் மெல்லிய வலைப்பை மாட்டி வளர்க்கலாம். கன்று ஓயாமல் கொழுந்து விடும் காலம் அதுதான். கன்று வாங்கும்போது வலைக்கூடாரத்தில் வளர்த்து, சோதித்த தாய்மரத்திலிருந்து ஒட்டுக் கட்டியதா என்று கேட்டு வாங்குங்கள்.